கொழிஞ்சி விதைத்தேன், முளைக்கவில்லை. விதை சொத்தையா?

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் செம்மண் காடு. ஒன்றரை ஏக்கர் தென்னை, மீதி மானாவாரியும் கொஞ்சம் கொறங்காடும் (வேலி அடைத்த மேய்ச்சல் காடு). வருசாவருசம் தழையுரத்துக்குச் சணப்பை விதைத்துச் சலித்துவிட்டது. ஒருமுறை விதைத்தால் நின்று வரும் என்றார்களே என்று கொழிஞ்சி விதை 10 கிலோ வாங்கி, புரட்டாசிக் கடைசியில் நல்ல ஈரத்தில் பாதியைத் தென்னைக்கு நடுவில் தூவினேன். இரண்டு மாதம் ஆகியும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் செடி. விதை சொத்தையா? மீதியைக் கொறங்காட்டில் போட்டால் மாட்டுக்கு ஆகுமா?

பதில்: வணக்கங்க. விதை விற்றவரிடம் சண்டைக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கையில் இருக்கும் விதையில் 100 எண்ணி, ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவையுங்கள். காலையில் சிலது உப்பியிருக்கும். மற்றதெல்லாம் போட்டது போட்டபடி அடியில் கிடக்கும். அப்படிக் கிடப்பதில் பத்தை எடுத்து, நகவெட்டியால் ஓரத்தோலை மட்டும் லேசாகக் கிள்ளி, மறுபடி ஊறவைத்து ஈரத்துணியில் முடிந்துவையுங்கள். சில நாளில் முளை தலைகாட்டினால் விதையில் குறையில்லை. கொழகொழவென்று அழுகினால் மட்டும் சொத்தை என்று சொல்லலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், எனக்கென்னவோ விதை நல்ல விதைதான் என்று தோன்றுகிறது.

பச்சைப்பயறு ஊறவைத்தால் ஒன்றிரண்டு கல்லாகவே கிடந்து பல்லில் கடிபடும், பார்த்திருப்பீர்கள். கொழிஞ்சியில் கதை தலைகீழ். ஒன்றிரண்டுதான் ஊறும், பெரும்பாலானவை கல்லாகக் கிடக்கும். மேல்தோல் மெழுகு பூசினாற்போல் இறுகியிருப்பதால் தண்ணீர் உள்ளே போகாது. இது நம் மண்ணிலேயே பிறந்த காட்டுச்செடி. ஒரு மழையை நம்பி எல்லா விதையும் முளைத்து, அடுத்த மழை பொய்த்தால் வம்சமே போய்விடும். அதனால் வருசத்துக்குக் கொஞ்சமாகத்தான் முளைக்கும். செடிக்கு அது நல்லது, விதைக்கிற நமக்குத்தான் தொல்லை.

மீதி விதைக்குத் தண்ணீர் வைத்தியம் போதும். 55 டிகிரிச் சூட்டில் 2 முதல் 3 நிமிடம். வெப்பமானி இல்லையா? தளதளவென்று கொதித்த தண்ணீர் இரண்டு செம்பு, குழாய்த் தண்ணீர் மூன்று செம்பு, இரண்டையும் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். விதையைக் கொட்டிக் கிளறி, மூன்று நிமிடத்தில் வடித்து, பச்சைத்தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நான் பழகின புதிதில் அவசரப்பட்டுக் கொதிநீரை நேராக ஊற்றிவிட்டு, சுண்டல் மாதிரி வெந்த விதையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சூடு பிடிக்காதவர்கள் பருமணலோடு கலந்து சாக்கில் போட்டுத் தேய்க்கலாம். தோல் கீறல் விழுந்தால் போதும், உடையக்கூடாது.

இதுவரை கொழிஞ்சி நிற்காத காடு என்றால், தட்டைப்பயறுக்கு விற்கிற ரைசோபியம் (வேர்முடிச்சில் தழைச்சத்தைப் பிடித்துத்தரும் நுண்ணுயிர்) பொட்டலமே இதற்கும் ஆகும். ஆறின கஞ்சியில் கலந்து விதையில் பிசிறுங்கள். ஆனால் சுடுதண்ணீர் முதலில், ரைசோபியம் அப்புறம். மாற்றிச் செய்தால் நுண்ணுயிர் அத்தனையும் செத்துவிடும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். ஆழமாகப் போய்விடாமல், தூவி முள்ளை இழுத்து மூடினால் சரி.

ஏற்கனவே தூவிய இடத்தை, ‘வரவில்லையே’ என்று உழுதுவிடாதீர்கள். விதை மண்ணில்தான் இருக்கிறது. சித்திரை மழைக்கும் அடுத்த ஐப்பசிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். வந்ததும் முதல் இரண்டு மாதம் சவலைப்பிள்ளை மாதிரிதான் இருக்கும். ஆணிவேர் கீழே இறங்கிய பிறகுதான் மேலே தழையும். சணப்பை வேகத்தை இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்று, இது வெயில் விரும்பி. உங்கள் தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசி நிழல் கட்டியிருந்தால் கொழிஞ்சி நோஞ்சானாகவே நிற்கும். அங்கே சணப்பையையே தொடருங்கள், கொழிஞ்சியை மானாவாரிக் காட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளமும் ஆகாது.

இப்போது நிற்கும் நாலு செடியும் கொழிஞ்சிதானா என்று பார்க்க ஒரு வழி: ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுங்கள். நேராகக் கிழியாமல் அம்புமுனை போல் பிய்ந்து வரும். பூ ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்தாற்போல் இருக்கும்.

ஊதாப் பூ தலைகாட்டும் பருவம்தான் தழைக்கு நல்ல பருவம். காய் பிடித்துவிட்டால் தண்டு விறகாகி, மட்க நாளாகும். வேரோடு உழுதால் நின்று வரும் பயிர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அரையடி விட்டு அரிவாளால் அறுத்துத் தென்னை வட்டப்பாத்தியில் போட்டு மண் தள்ளுங்கள். அறுத்த இடத்தில் மறுபடி துளிர்க்கும். ஒரு ஓரத்தை மட்டும் விதைக்கு விடுங்கள். காய் பழுப்பேறியதும் காலைப் பனியோடு பறித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் ஓடு முறுக்கிக்கொண்டு வெடித்து விதை காடெல்லாம் சிதறிவிடும்.

கொறங்காட்டு விசயம்: போடாதீர்கள். ஆடு மாடு கொழிஞ்சியில் வாய் வைக்காது. தழையுரத்துக்கு அதுவே வசதி, வேலி போடாமலே பிழைத்துக்கொள்ளும். மேய்ச்சல் காட்டில் அதுவே வினை. மாடு கொழுக்கட்டைப் புல்லைக் கடித்துக்கொண்டே போக, தொடாத கொழிஞ்சி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேரிலும் விதையிலும் மீனை மயக்கும் நஞ்சு உண்டு. பண்ணைக்குட்டையில் மீன் விட்டிருந்தால் அறுத்த செடியை அதில் வீசிவிடாதீர்கள்.

மாட்டுக்கு என்றால் கொழுக்கட்டைப் புல்லோடு முயல் மசால் என்ற தீவனச்செடி விதையைத் தூவுங்கள். கிளுவை வேலியோரம் சங்குப்பூவை ஏற்றிவிடலாம், அதை மாடு ஆசையாகத் தின்னும். இரண்டின் விதையும் இதே கல்விதைதான். தோலை இளக்கும் வைத்தியம் அதற்கும் வேண்டும், ஆனால் முதலில் ஒரு கைப்பிடி விதையில் செய்துபார்த்துவிட்டு மிச்சத்துக்குப் போங்கள்.