மரத்த கை எப்படி எரியும்?

அன்புள்ள ஐயா,

எட்டு மாதம் முன்பு அப்பாவுக்கு லேசான பக்கவாதம் வந்தது. நடமாட்டம் சரியாகிவிட்டது, வலப்பக்கம் மட்டும் மரத்தே இருக்கிறது. இப்போது சில மாதங்களாக அதே பக்கம் தீயாய் எரிகிறது என்கிறார். ஊசியால் தொட்டால் தெரிவதில்லை, ஆனால் சட்டை உரசினால் அலறுகிறார். மனப்பிரமை என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். இடது தலாமஸில் வி.பி.எல். என்ற இடம் பாதிக்கப்பட்டிருப்பதாக டாக்டர் சொன்னார். அது என்ன? கை நரம்பை வெட்டிவிட்டால் வலி போகுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச நாளாகவே வலியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

தலாமஸ் மூளையின் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. அதன் பின்பகுதியில், அடிப்பக்கமாக இருப்பது வி.பி.எல். எதிர்ப்பக்கத்து உடம்பிலிருந்து வரும் தொடுகை, வலி, சூடு, குளிர் எல்லாம் முதுகுத்தண்டு வழியாக ஏறி இங்கே வந்துதான் மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகின்றன. வெளியோரத்தில் கால், உள்ளே கை, அதை ஒட்டினாற்போல் முகத்துக்குத் தனி இடம். சிலருக்கு உள்ளங்கையும் வாயோரமும் மட்டும் சேர்ந்து மரத்துப்போவது இந்த நெருக்கத்தால்தான். இங்கே ரத்தம் கொண்டுவரும் தமனிகள் மிகவும் மெல்லியவை. ஒன்று அடைத்தாலே போதும்.

நரம்பை வெட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். வலி கையில் பிறக்கவில்லை, மூளையில் பிறக்கிறது.

என்னை உறுத்துவது வேறு. 'எல்லோரும் சொல்கிறோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நீங்களும் உண்டு, இல்லையா? 1906இலேயே ஜூல் டெஜெரின், குஸ்தாவ் ரூசி என்ற டாக்டர்கள் பாரிஸில் இதை எழுதிவைத்தார்கள்: ஒரு பக்கம் உணர்ச்சி மங்கும், அதே பக்கம் தாங்கமுடியாமல் வலிக்கும். இறந்த நோயாளிகளின் மூளையைப் பரிசோதித்து, புண் தலாமஸில் இருப்பதையும் காட்டினார்கள். 1911இல் லண்டனில் ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் என்ற நரம்பியல் டாக்டர்கள் எழுதியதில் ஒரு நோயாளி வருகிறார். தேவாலயத்தில் பாடும் துதிப்பாடல்களைப் பாதிக்கப்பட்ட பக்கத்தில் தாங்கமுடியாமல் அவர் அங்கே போவதையே நிறுத்திவிட்டார். பாட்டே வலிக்குமென்றால் சட்டை வலிக்காதா? மரத்திருப்பதும் உண்மை, எரிவதும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதைப் பொய்யாக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

என் பெரியம்மாவுக்கும் இதே மாதிரிதான். மின்விசிறிக் காற்று பட்டால் துடிப்பார். வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றார்கள். அப்புறம் அவர் புகார் சொல்வதை நிறுத்திவிட்டார். குணமாகிவிட்டது என்று வீடே நிம்மதியானது. எனக்கு அப்போது சின்ன வயது. ஆனாலும் ராத்திரியில் அவர் ஒரு கையை இன்னொரு கையால் காற்றுப்படாமல் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நம்பாதவர்களிடம் எத்தனை முறைதான் சொல்வது? உங்கள் அப்பா இன்னும் சொல்கிறார். உங்கள் மேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது, அம்மா.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்து வாரங்கள், மாதங்கள் கழித்து இந்த வலி தொடங்குவது வழக்கம்தான். சாதாரண வலி மாத்திரை பெரும்பாலும் கேட்காது. அமிட்ரிப்டிலின், லாமோட்ரிஜின், பிரெகாபலின் போன்றவற்றில் எது ஒத்துவரும் என்று நரம்பியல் டாக்டர்தான் பார்த்துக் கொடுக்கவேண்டும். முழுதாகப் போகாவிட்டாலும் தூங்கும் அளவுக்குக் குறையலாம். மன அழுத்தத்துக்கான மாத்திரை என்று சீட்டில் பார்த்துவிட்டு, 'அப்பவே சொன்னோமே, மனசுதான்' என்று யாரும் கிளம்பவேண்டாம். அமிட்ரிப்டிலின் நரம்பு வலிக்கும் கொடுக்கும் மருந்து. டாக்டரிடம் அப்பாவே பேசட்டும், குறுக்கே பேசாதீர்கள். அதுவரை தளர்வான பருத்திச் சட்டை போடுங்கள், குளிர்ந்த நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடுவதற்கு முன் அவரைக் கேளுங்கள்.