ஆர்லாண்டோ போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

பல வருடங்களாக அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் குடியிருக்கிறேன். பள்ளி விடுமுறை வந்தால் சொந்தக்காரர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள் என்று ஒரு கூட்டமே வரும். எங்கே தங்குவது, எந்த நாளில் எங்கே போவது என்று எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. இந்த முறை வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

அக்கா, டிசம்பர் கடைசியில் மூன்று நாள் வருகிறோம். டிஸ்னி, யுனிவர்சல், சீவேர்ல்டு, கென்னடி விண்வெளி மையம் எல்லாம் பார்த்துவிடலாமா?

முடியாது. டிஸ்னி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள், ஆனால் அது நான்கு தீம் பார்க். மேஜிக் கிங்டம் (1971), எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டுடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998). ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் வேண்டும். நான்குக்கும் நடந்தே போய்விடலாம் என்றும் நினைக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் முதலில் கட்டிய டிஸ்னிலேண்டைச் சுற்றி மற்றவர்களின் மோட்டல்கள் நெருக்கியடித்து முளைத்ததைப் பார்த்து வால்ட் டிஸ்னிக்கு அலுத்துவிட்டது. அதனால் 1960களில் இங்கே வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் சத்தமில்லாமல் நிலத்தை வாங்கிக் குவித்தார். இன்றைக்கும் அது சுமார் 100 சதுர கிலோமீட்டர்.

யுனிவர்சல் வேறு கம்பெனி, அதன் பார்க்குகள் அங்கிருந்து ஐ-4 நெடுஞ்சாலையில் வடக்கே இருபது, இருபத்தைந்து நிமிடம். சாயங்கால நெரிசலில் மாட்டினால் அதுவே முக்கால் மணி நேரம். கென்னடி கிழக்குக் கடற்கரையில், ஒரு வழிக்கே ஒரு மணி நேரம் ஆகும்.

மூன்று நாள்தான் என்றால் மேஜிக் கிங்டம் ஒன்று, யுனிவர்சலில் ஒன்று, நடுவில் கென்னடி. அட்லாண்டிஸ் விண்கலத்தையும் சாட்டர்ன்-5 ராக்கெட்டையும் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். கால்களுக்கும் ஓய்வு கிடைக்கும். ஆனால் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் வருகிறீர்கள். வருடத்திலேயே கூட்டம் மிக அதிகமான வாரம் அதுதான். டிக்கெட் விலையும் தேதிக்குத் தேதி மாறும். ஜனவரி நடுவில் வர முடிந்தால் செலவும் குறையும், நிற்கும் நேரமும் குறையும்.

டல்லாஸிலிருந்து ஏழு பேர் வருகிறோம். கிஸிமியில் சமையலறையுடன் ஒரு வில்லா மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

எந்தப் பார்க் என்று முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம் வீடு. பலர் மலிவாகக் கிடைக்கிறது என்று வீட்டை முதலில் பிடித்துவிட்டு, பிறகு தினமும் ஐ-4இல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எல்லா நாளும் டிஸ்னிதான் என்றால், பக்கத்து ஊரான கிஸிமி வசதி. ஏழு பேருக்கு ஹோட்டலில் இரண்டு அறை எடுப்பதைவிட வில்லா லாபம், காலையில் வீட்டிலேயே உப்புமா கிண்டிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். ஆனால் பார்க்கிங்குக்கு டிஸ்னியில் ஒரு நாளைக்கு 30 டாலர் வாக்கில் ஆகும், அதையும் கணக்கில் சேருங்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் அது இலவசம். அதோடு எந்தப் பார்க்கிலும் அரை மணி நேரம் முன்னதாக உள்ளே விடுவார்கள். அந்த அரை மணியில் முடிகிற ரைடுக்கு மதியம் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

யுனிவர்சல்தான் முக்கியம் என்றால் கணக்கே வேறு. போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களிலும் அறை வாடகையோடு யுனிவர்சல் ஸ்டுடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சர் இரண்டுக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் (நீண்ட வரிசையில் நிற்காமல் ரைடு ஏறும் பாஸ்) வந்துவிடும். வாடகை அதிகம்தான். ஆனால் அறையில் நான்கு பேர் இருந்தால், தனித்தனியாக பாஸ் வாங்கும் காசில் பெரும்பகுதி அதிலேயே கழிந்துவிடும்.

கார் இல்லாமல் சமாளிக்கலாமா?

ஒரே இடத்தில் தங்கி, அந்த நிறுவனத்தின் பார்க்குகளை மட்டும் பார்ப்பதானால் சமாளிக்கலாம். டிஸ்னி ஹோட்டல்களிலிருந்து பார்க்குகளுக்குப் போக பஸ், மோனோரயில், படகு, 2019இல் வந்த ஸ்கைலைனர் என்ற கேபிள் கார் எல்லாம் இலவசம். விமான நிலையத்திலிருந்து டிஸ்னி இலவசமாக விட்டுக்கொண்டிருந்த பஸ் மட்டும் 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு அதை நம்பி வந்துவிடாதீர்கள். சன்ரயில் என்று ஒரு ரயில் இருக்கிறது, அது பார்க்குகளுக்கும் போகாது, விமான நிலையத்துக்கும் போகாது. மயாமியிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் பிரைட்லைன் ரயில் நல்ல வழி, 2023 முதல் ஆர்லாண்டோ விமான நிலையம் வரை வருகிறது.

வாடகைக் கார் எடுத்தால் டோல் சாலைகளைக் கவனியுங்கள். டோலைவிட, அதைக் கட்டித் தருவதற்கு கார் கம்பெனி வாங்கும் தினக் கட்டணம்தான் வலிக்கும். விமான நிலையத்திலேயே இலவச விசிட்டர் டோல் பாஸ் கிடைக்கிறது, வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஃப்ளோரிடாவில் கார் சீட் சட்டப்படி கட்டாயம். ஊபரில் ஏறினாலும் மடியில் வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள்.

மேஜிக் கிங்டம் எங்கள் ஹோட்டலிலிருந்து பத்து நிமிடம் என்று மேப் காட்டுகிறது. ஒன்பது மணிக்குத் திறந்தால் எட்டரைக்குக் கிளம்பினால் போதுமா?

மேப் காட்டும் பத்து நிமிடம் கார் நிறுத்துமிடம் வரைதான். பார்க் வாசல் அங்கே இல்லை, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காரை விட்டு இறங்கி, மோனோரயிலோ படகோ பிடித்துப் போக வேண்டும். பாதுகாப்புச் சோதனையும் உண்டு. எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஏழே முக்காலுக்கே கிளம்புங்கள். மற்ற மூன்றில் இந்தப் பாடு இல்லை, காரிலிருந்து இறங்கி நேரே வாசலுக்குப் போய்விடலாம்.

அப்பாவுக்கு 70, அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர்களையும் கூட்டிக்கொண்டு வரலாமா?

கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் ஒரு நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடப்பது இங்கே சாதாரணம். அம்மாவுக்கு வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்கு எடுங்கள், வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், நீங்கள் விடாதீர்கள். எப்காட்டில் லிவிங் வித் த லேண்ட் என்று ஒரு படகுச் சவாரி இருக்கிறது. பசுமைக்குடில்களுக்குள் மெதுவாகப் போகும். மண்ணே இல்லாமல் காய்கறி விளைவதும் மீன் வளர்ப்பதும் பார்க்கலாம். ஊரில் வயல் பார்த்த பெரியவர்கள் எந்த ரோலர் கோஸ்டரையும்விட அதைப் பற்றித்தான் திரும்பி வந்து பேசுகிறார்கள். அனிமல் கிங்டம் சஃபாரி வண்டி குலுங்கும், முதுகு வலி இருந்தால் யோசியுங்கள். மதியம் இரண்டு மணிக்கு அறைக்குத் திரும்பித் தூங்கிவிட்டு மாலையில் மறுபடி போகலாம். பக்கத்தில் தங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

லைட்னிங் லேன் காசு தண்டமா?

டிஸ்னியில் காசு கொடுத்தால் நீண்ட வரிசையில் நிற்காமல் ரைடு ஏறவிடும் வழிதான் அது. மேஜிக் கிங்டமிலும் ஹாலிவுட் ஸ்டுடியோஸிலும் தண்டமில்லை. அனிமல் கிங்டமுக்கு வேண்டாம், காலையில் சீக்கிரம் போனாலே போதும். 2024 ஜூலையிலிருந்து முன்கூட்டியே நேரம் பிடிக்கும் முறை வந்துவிட்டது. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு 7 நாள் முன்பு, மற்றவர்களுக்கு 3 நாள் முன்பு திறக்கும். இதற்கு முன்பிருந்த ஜீனி பிளஸ் என்ற முறை இப்போது இல்லை.

பெரியவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு இரண்டரை. சின்னவளால் ரைடு எல்லாம் போய்விடுமா?

மூன்று வயது ஆகும்வரை டிஸ்னியில் டிக்கெட்டே கிடையாது, அதனால் இப்போதே வருவது லாபம். உயரக் கட்டுப்பாடு உள்ள ரைடுகளுக்கு ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள். ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் பெரியவனோடு போய்வரலாம். பிறகு வெளியே இருந்தவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் போகலாம்.

அக்கா, மார்ச் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து காரிலேயே வர யோசிக்கிறோம். ஏதாவது சொல்லுங்கோ.

2,000 கிலோமீட்டர், வழியில் ஓர் இரவாவது தங்குங்கள். வந்து சேர்ந்த மறுநாளே மேஜிக் கிங்டம் வைக்காதீர்கள், குளத்தில் நீந்திவிட்டுத் தூங்குங்கள். அந்த வாரங்களில் அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றுக்கும் விடுமுறை, கூட்டம் இருக்கும். லைட்னிங் லேன் உங்களுக்கு நிச்சயம் வேண்டும்.

நாங்கள் சுத்த சைவம். உள்ளே என்ன சாப்பிடுவது?

டிஸ்னிக்குள் சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் கூடாது. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். கவுண்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் சும்மாவே தருவார்கள். ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிட அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி ஹோட்டலில் சனா என்ற உணவகம் நல்லது. நான் ரொட்டி, குல்ச்சா எல்லாம் பல சட்னிகளோடு வரும். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி நிற்கும்.

எபிக் யுனிவர்ஸ் யுனிவர்சலுக்குள்ளேயே இருக்கிறதா?

நிறுவனம் ஒன்றுதான், இடம் வேறு. 2025 மே மாதம் திறந்த அது பழைய இரண்டு பார்க்குகளிலிருந்து சில மைல் தெற்கே இருக்கிறது. நடந்து போக முடியாது. ஒரு முழு நாள் தனியாக ஒதுக்குங்கள்.

ஜூலையில் மழை பெய்யுமாமே?

தினமும் பெய்யும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மதியத்துக்கு மேல், ஒரு மணி நேரம். இடி இடித்தால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஊரிலிருந்தே ரெயின்கோட் கொண்டுவாருங்கள், உள்ளே விலை அநியாயம். மழைக்குப் பயந்து பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இருங்கள், மழை விட்டதும் வரிசைகள் குறைந்திருக்கும்.

கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு விமானம். காலையில் ஒரு பார்க் போய்விட்டு வரலாமா?

வேண்டாம், முழு டிக்கெட் காசு கொடுத்து மூன்று மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கடைகளும் உணவகங்களும் நிறைந்த டிஸ்னி ஸ்பிரிங்ஸ் போங்கள், நுழைவுக் கட்டணமும் இல்லை, பார்க்கிங் கட்டணமும் இல்லை. பொம்மை கேட்டு அழும் பிள்ளைக்கு அங்கே வாங்கிக் கொடுத்துவிட்டு, மூன்று மணிக்குள் விமான நிலையம் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.