பழைய லொறியைப் பிரித்துக் கட்டும்போது ஏசி, ரிவர்ஸ் கேமரா, எல்ஈடி லைட் எல்லாம் போடலாமா? எதில் தொடங்குவது?

போடலாம். ஆனால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குச் சாமான் வாங்க ஓடுவதற்கு முன் பற்றரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு பற்றரியா, இரண்டா?

எங்களுடையது 1987 மிட்சுபிஷி கென்டர். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் பருப்பும் ஏற்றி அப்பா ஓட்டிய லொறி. 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது புது லொறி எண்ணமும் நின்றுபோனது. சரி, இருப்பதையே சரிக்கட்டுவோம் என்று இறங்கினோம். அதில் இரண்டு பற்றரி, தொடராக 24 வோல்ட். நாங்கள் போட்ட கார் ரேடியோவுக்கு வேண்டியது 12.

வயரிங் செய்ய வந்தவர் இரண்டு பற்றரிக்கும் நடுவிலிருந்து ஒரு வயரை இழுத்தார். "ஒண்டுல எடுத்தா பன்னிரண்டுதானே தம்பி" என்றார். கணக்கு சரிதானே என்று நானும் தலையாட்டினேன். நாலு மாதத்தில் ஒரு பற்றரிக்கு வாராவாரம் தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று; மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. மற்றதோ காலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றவே திணறியது. விஷயம் இதுதான்: ரேடியோ ஒரு பற்றரியை மட்டும் உறிஞ்சுகிறது, ஆல்டர்னேட்டரோ இரண்டையும் ஒன்றாகவே சார்ஜ் செய்கிறது. சார்ஜ் குறைந்த பற்றரி நிரம்புவதில்லை, நிரம்பிய பற்றரி கொதிக்கிறது. கடைசியில் இரண்டையுமே மாற்றினோம்.

அதன்பிறகுதான் 24இலிருந்து 12க்குக் குறைக்கும் கன்வேர்ட்டர் போட்டோம். பற்றரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ், சாவி போட்டால் மட்டும் இணைக்கும் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). முதலிலேயே இதைச் செய்திருந்தால் இரண்டு பற்றரிக் காசு மிச்சம். கேமராவுக்கும் போன் சார்ஜருக்கும் இந்தத் தலையிடியே வேண்டாம். 12–24 வோல்ட் என்று அச்சடித்ததையே பார்த்து வாங்குங்கள்.

எல்ஈடி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பழைய ஹெட்லைட்டின் கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் இழை பல்புக்காக அளந்து செய்தவை. அதற்குள் எல்ஈடி பல்பைச் செருகினால் வெளிச்சம் கண்டபடி சிதறும். எதிரே வரும் ஓட்டோக்காரர் உங்கள் பரம்பரையையே திட்டுவார். பழைய பல்பு மங்கலாக எரிந்ததற்குக் காரணம் பல்பே அல்ல. நான் மீட்டர் வைத்துப் பார்த்தபோது பற்றரியில் 25 வோல்ட், பல்பின் முனையில் 21தான். மிச்சத்தைப் பழைய சுவிட்சும் மெல்லிய வயரும் தின்றிருந்தன. ரிலே வைத்துத் தடித்த வயரில் நேராக மின்சாரம் கொடுத்தோம். அதே பல்புகள்தான், பார்த்த அப்பா "புதுசா போட்டியா?" என்று கேட்டார்.

ஏசி போடலாம்தான், செலவும் வேலையும் அதிகம். கம்ப்ரஸரின் கிளச்சும் மின்விசிறிகளும் 24 வோல்ட்டுக்கானவையா, பழைய ஆல்டர்னேட்டர் அந்தச் சுமையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். கெபினை முன்னால் சாய்க்கும் லொறி என்றால் குழாய்கள் இழுபடாமல் தளர்வாகவும் போக வேண்டும். இந்த லொறியில் எஞ்சின் சீற்றுக்குக் கீழே; சூட்டில் பாதி தரை வழியாகத்தான் ஏறுகிறது. நாங்கள் தரைக்கு வெப்பத்தடுப்பு விரிப்புப் போட்டதோடு நிறுத்திக்கொண்டோம். கொழும்பு–காலி வீதி நெரிசலில் வியர்க்கத்தான் செய்கிறது, முன்புபோல் பாதம் வேகவில்லை.

மூன்று புள்ளி சீற்பெல்ட் போடுவதாக இருந்தால் வெறும் தகரத்தில் ஸ்க்ரூ முடுக்க விடாதீர்கள். பின்னால் தடித்த இரும்புத் தகடு வைத்து போல்ட்டும் நட்டும் போடச் சொல்லுங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிப் பூட்டாமல் தடுப்பது) போட யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். அதே காசில் பிரேக் லைனிங், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாக்கலாம்.

அப்புறம், எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள்ளுங்கள், காப்புறுதிக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். விற்கப் போகும்போது எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்றால் வாங்க வந்தவர் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்.