குன்றிமணி வேண்டாம், வெண்டைக்காய் இருக்கட்டும்

கேள்வி: அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். 3 முதல் 5 வயது வரை 18 குழந்தைகள். பெயின்ட், ஸ்டிக்கர் எல்லாம் வாங்கக் காசில்லை. இலை, விதை என்று சுற்றிக் கிடப்பதை வைத்தே படம் செய்ய வைக்கலாமா? எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளையாருக்குக் கண் வைக்கிறோமே, அந்தக் குன்றிமணி பக்கமே போக வேண்டாம். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். அரளி, ஊமத்தை இரண்டும் இலை முதல் விதை வரை விஷம். எருக்கம்பால் கண்ணுக்கு ஆகாது. மொச்சையும் கொண்டைக்கடலையும் விஷமில்லை, ஆனால் மூக்கில் போட்டுக்கொண்டால் ஊறிப் பெருக்கும். டாக்டர்தான் எடுக்க வேண்டும். 36 கையையும் ஒருவரால் கவனிக்க முடியாது. விதைதான் வேண்டுமென்றால் வாயில் நுழையாத பனங்கொட்டை, மாங்கொட்டை போதும்.

அச்சு வேலையில் தொடங்குங்கள். முற்றிப்போன வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ் பூ. வெட்டிய உடனே கொடுத்தால் கொழகொழப்பில் அச்சு கலங்கிவிடும். வெட்டுவாயைத் துணியில் கவிழ்த்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். வாழை மட்டையை வெட்டினால் பிறை வடிவம், உள்ளே கட்டம் கட்டமாக ஓட்டை. வண்ணத்தைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள், முழங்கை வரை நனையும். தட்டில் ஈரத்துணியை மடித்துப் போட்டு அதன்மேல் ஊற்றினால் ஸ்டாம்ப் பேடு தயார்.

வண்ணத்துக்கு மஞ்சள்தூள், சலித்த செம்மண், பீட்ரூட் சாறு. தூளையும் மண்ணையும் ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்தால் தாளில் ஒட்டும். இலை ஒட்டவும் அந்தக் கஞ்சியே போதும். கோலக் கடையில் விற்கும் கலர் பொடி வேண்டாம், கை எப்படியும் வாய்க்குப் போகும்.

ஒரு வித்தையும் சொல்கிறேன். தாள் முழுக்க மஞ்சள் தண்ணீர் பூசிக் காயவிடுங்கள். பஞ்சு சுற்றிய குச்சியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோடு செக்கச்சிவப்பாக எழும்பும்! அதில் எலுமிச்சைச் சாறு தடவினால் மறுபடி மஞ்சள். ஆரத்திக்குப் போடும் சுண்ணாம்பிலும் இது நடக்கும், ஆனால் கண்ணில் பட்டால் புண்ணாகிவிடும், சோப்பே போதும்.

அப்புறம், நீங்களே யானை வரைந்து கொடுத்து உள்ளே இலை ஒட்டச் சொல்லாதீர்கள். 18 ஒரே மாதிரி யானைதான் கிடைக்கும். இலைக் குவியலை நடுவில் கொட்டிவிட்டுச் சும்மா இருங்கள். ஒரு பிள்ளை ஒன்றுமே ஒட்டாமல் அரை மணி நேரம் இலையைக் கிழித்துக்கொண்டிருக்கும். சரி, கிழிக்கட்டும். விரலுக்கு அதுவும் வேலைதான்.

செய்ததை அன்றைக்கே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், மஞ்சள் சீக்கிரம் வெளுத்துவிடும். சட்டையில் பட்ட மஞ்சள் சோப்புப் போட்டதும் சிவந்து அம்மாக்களைப் பயமுறுத்தும். நன்றாக அலசி வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள்.