இருபது டாலர் பாட்டு: ரெகே திரைவிழா குறித்து ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வசிக்கிறேன். நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் தமிழர்களுக்கு அடுத்தபடியாக ஜமைக்கக் குடும்பங்களே அதிகம். அதனால் சிறு வயதிலிருந்தே பக்கத்து வீட்டு ரெகே பாட்டுகள் எங்கள் வீட்டுப் பாட்டுகளைப் போலவே எனக்குப் பழக்கமானவை. என்னோடு வேலை செய்யும் ஜமைக்க நண்பர்கள் சிலரும் நானும் சேர்ந்து அடுத்த ஆண்டு மூன்று நாள் ரெகே திரைப்பட விழா ஒன்றை நடத்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இருநூறு பேர் அமரக்கூடிய சமூக அரங்கு ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. பாப் மார்லி படங்களைப் போட்டால் கூட்டம் தானாக வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்தப் படங்களைத் தேர்ந்தெடுப்பது, எவற்றில் கூடுதல் கவனம் வைப்பது என்று நீங்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொரு தயக்கமும் உண்டு. தமிழனாகிய நான் இதில் முன்னால் நிற்பது முறைதானா? நீங்கள் திரைப்படச் சங்கம் நடத்தியவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

அன்புடன்,
ஸ்காபரோ வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

படப் பட்டியலுக்குப் போகும் முன் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். 1972இல் வெளிவந்த 'தி ஹார்டர் தே கம்' ஜமைக்கர்களே தயாரித்த முதல் முழுநீளக் கதைப்படம். பெர்ரி ஹென்செல் இயக்க, ஐவன் என்ற இளைஞனாக ஜிம்மி கிளிஃப் நடித்தார். கிராமத்திலிருந்து பேருந்தில் தலைநகர் கிங்ஸ்டனுக்கு வந்து, வந்த அன்றே மூட்டை முடிச்சுகளைப் பறிகொடுத்து, வேலை தேடி அலைந்து, கடைசியில் ஒரு தயாரிப்பாளரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஐவன் தன் பாட்டைப் பதிவு செய்கிறான். அதற்குத் தயாரிப்பாளர் நீட்டும் தொகை இருபது டாலர். ஐவன் கையெழுத்திட மறுத்துவிட்டு, பாட்டைத் தானே கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று புறப்படுகிறான். எங்கு போனாலும் கதவு சாத்தப்படுகிறது, ஏனென்றால் அந்தத் தயாரிப்பாளர் சம்மதிக்காமல் அந்த ஊரில் ஒரு பாட்டும் ஒலிக்க முடியாது. வேறு வழியின்றித் திரும்பி வந்து அதே இருபது டாலருக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறான்.

ரெகேயைக் கொண்டாடுவதாகச் சொல்லும் ஒரு விழா, தெரிந்தோ தெரியாமலோ, அந்தத் தயாரிப்பாளரின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. நான் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான். எந்தப் படம், எந்த ஒலி, யாருக்கு எவ்வளவு பணம் என்று நீங்கள் எடுக்கப்போகும் முடிவுகள் எல்லாம் இதை ஒட்டியே அமைய வேண்டும் என்று விரும்புகிறேன்.

அது பழைய கதை, இப்போது அப்படியெல்லாம் இல்லை என்று யாராவது சொன்னால் சிஸ்டர் நான்சியின் வாழ்க்கையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். 1982இல் அவர் பாடிய 'பாம் பாம்' உலகமெங்கும் ஒலித்தது. திரைப்படங்களிலும், பிற பாடகர்களின் பாட்டுகளுக்குள் துண்டுகளாகவும் திரும்பத் திரும்ப வந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்கு அதிலிருந்து உரிமைத்தொகை வரவில்லை. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து நியூ ஜெர்சியில் ஒரு வங்கியில் கணக்காளராக வேலை பார்த்தார். ஒரு காலணி விளம்பரத்தில் தன் குரலையே கேட்ட பிறகுதான் சட்டத்தின் உதவியை நாடித் தனக்குரிய பங்கில் ஒரு பகுதியைப் பெற்றார். அவரைப் பற்றிய ஆவணப்படத்தை 2024இல் எடுத்த அலிசன் டியூக் கனடாவைச் சேர்ந்த இயக்குநர். உங்கள் விழாவின் தொடக்கப் படமாக அதையே வைக்கலாம். ரெகே என்றாலே ஆண்களின் முகங்களை மட்டும் நினைக்கும் பழக்கத்தையும் அது முதல் நாளிலேயே உடைக்கும்.

இனி உரிமம். கடையில் வாங்கிய வட்டையோ இணையச் சந்தாவையோ வைத்துப் பொது அரங்கில் படம் போடுவது சட்டத்துக்குப் புறம்பானது. ஒவ்வொரு படத்துக்கும் அதன் விநியோகஸ்தரிடமிருந்து திரையிடல் உரிமத்தை எழுத்தில் பெற வேண்டும். இசை ஆவணப்படங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. படத்துக்குள் வரும் பாட்டுகளுக்கு இயக்குநர் வாங்கியிருக்கும் அனுமதி சில சமயம் தொலைக்காட்சிக்கு மட்டும், அல்லது குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும் செல்லுபடியாகும். எனவே படத்தின் உரிமம் கிடைத்தாலும் பாட்டுகளின் நிலையைத் தனியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முற்றத்தில் இசைத்தட்டு ஒலிக்க விடுவதாக இருந்தால் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் போகவேண்டிய தொகையைக் கனடாவில் சோகன் அமைப்பு வசூலிக்கிறது. அந்தக் கட்டணத்தை வீண்செலவாகப் பார்க்காதீர்கள். ஐவனுக்கும் நான்சிக்கும் போய்ச் சேராத காசு, குறைந்தபட்சம் உங்கள் அரங்கிலிருந்தாவது போகட்டும்.

விளம்பரம் கிடைக்கும், வந்து வாசித்துவிட்டுப் போங்கள் என்று எந்தக் கலைஞரிடமும் சொல்லாதீர்கள். உங்கள் நகரத்தில் இது மிக முக்கியம். கிங்ஸ்டனுக்கு வெளியே ரெகே வேரூன்றிய பெருநகரங்களில் ரொறன்ரோவும் ஒன்று. கிங்ஸ்டனின் ஸ்டுடியோ ஒன் ஒலிப்பதிவுக்கூடத்தின் கீபோர்டு மேதை ஜாக்கி மிட்டூ அங்கே குடியேறினார். ஹெப்டோன்ஸ் குழுவின் லிராய் சிபில்ஸ் 1970களில் அங்கே வந்து நெடுங்காலம் வாழ்ந்தார். எக்ளிண்டன் மேற்கில் லிட்டில் ஜமைக்கா என்று அழைக்கப்படும் தெருவில் ஒரு சந்துக்கு 2015இல் ரெகே லேன் என்றே பெயர் வைத்தார்கள். அங்கே ரயில்பாதைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்ததில் பல சிறு கடைகள் நொடித்துப்போயின. உங்கள் நுழைவுச்சீட்டுகளை இணையத்தில் மட்டும் விற்காமல் அங்கே இன்னும் தாக்குப்பிடித்து நிற்கும் இசைத்தட்டுக் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் விற்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த வட்டாரத்தில் வாழும் மூத்த வாத்தியக்காரர்களை, படம் முடிந்ததும் மேடையேற்றிப் பேச வையுங்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு நட்சத்திரத்தை வரவழைக்கும் செலவில் இவர்கள் பத்துப் பேருக்குக் கௌரவமான சன்மானம் கொடுத்துவிடலாம்.

மார்லி படங்களைப் போட்டால் கூட்டம் வரும் என்பது உண்மைதான். மார்லியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மூன்று நாளும் மார்லி என்றால் ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறு கிடைக்குமே தவிர, ரெகே கிடைக்காது. அவர் வரும் படம் ஒன்று போதும். 'ஹார்ட்லேண்ட் ரெகே'யை நான் தேர்ந்தெடுப்பேன். அரசியல் கட்சிகளின் ஆயுதக் கும்பல்கள் கிங்ஸ்டனின் சேரிகளைப் போர்க்களமாக்கியிருந்த நேரத்தில், 1978 ஏப்ரல் 22 அன்று தேசிய விளையாட்டரங்கில் நடந்த ஒன் லவ் அமைதிக் கச்சேரியின் பதிவுகள் அதில் இருக்கின்றன. பிரதமர் மைக்கேல் மேன்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்கு அழைத்து, இருவர் கைகளையும் சேர்த்துத் தலைக்கு மேல் மார்லி உயர்த்திப் பிடித்தது அன்றுதான். அதே மேடையில் பாடகர் பீட்டர் டோஷ் அந்தத் தலைவர்களின் முகத்துக்கு நேரே கடுமையாகப் பேசினார் என்பதையும் பார்வையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கும்பல்களின் வன்முறை அந்தக் கச்சேரியோடு நின்றுவிடவில்லை.

என் மனத்துக்கு மிக நெருக்கமான படம் 'ராக்கர்ஸ்'. கிரேக்க இயக்குநர் தியோடரோஸ் பஃபலூக்கோஸ் முதலில் ஆவணப்படமாகத்தான் நினைத்தார்; பிறகு அது கதைப்படமாக வளர்ந்து 1978இல் முடிந்தது. டிரம்ஸ் கலைஞர் லிராய் வாலஸ், ஊரே அழைக்கும் ஹார்ஸ்மவுத் என்ற பட்டப்பெயரோடு, தன் வேடத்தில் தானே நடிக்கிறார். வாசிப்பதில் வயிறு நிறையாததால் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதில் ராஸ்தஃபாரி என்ற ஜமைக்கச் சமய மார்க்கத்தின் சின்னமான யூதாவின் சிங்கத்தை வரைந்து, கடை கடையாக இசைத்தட்டு விற்கக் கிளம்புகிறார். ஒருநாள் வண்டி களவு போகிறது. நடுவே ஓர் இரவுக் காட்சி வரும். கடலோரத்தில் ஹார்ஸ்மவுத் உட்கார்ந்திருக்க, பாடகர் பர்னிங் ஸ்பியர் எந்த வாத்தியமும் இல்லாமல் வெறுங்குரலில் பாடுகிறார். பின்னால் அலையோசை மட்டுமே. ரெகே என்றால் கொண்டாட்டம் என்று மட்டும் நினைத்து வருகிறவர்கள் அந்த மூன்று நான்கு நிமிடங்களில் அதன் பிரார்த்தனையைக் கேட்பார்கள்.

இந்தக் காட்சிக்காகவே ஒலியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமூக அரங்குகளின் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் சொற்பொழிவுக்காக அமைக்கப்பட்டவை. ரெகேயில் பாட்டைத் தாங்கி நிற்பது பாஸ் கிடார். கிடாரும் பியானோவும் இடைத்தட்டுகளில் வெட்டி வெட்டி விழ, டிரம்ஸின் கனத்த அடி நான்கில் மூன்றாவது தட்டில்தான் இறங்கும். இதை வாத்தியக்காரர்கள் ஒன் டிராப் என்பார்கள். பாஸைச் சரியாகத் தராத அரங்கில் இந்தப் படங்களைப் போடுவது, நாயகனின் முகத்தை மறைத்துவிட்டுப் படம் காட்டுவதற்குச் சமம். தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூஃபர்களை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். 'தி ஹார்டர் தே கம்' போன்ற பழைய படங்களின் ஒலித்தடம் மோனோ, அதாவது ஒற்றைத் தடம். அதைச் செயற்கையாக நாலாபக்கமும் விரித்துக் கெடுக்க வேண்டாம். ஆளில்லாத அரங்கில் ஒத்திகை பார்க்கும்போது கடைசி வரிசை வரை நடந்து கேளுங்கள். கதவுகளும் கூரைத் தகடுகளும் அதிர்ந்தால் அவற்றை அன்றே இறுக்கச் சொல்லுங்கள். கூட்டம் நிறைந்ததும் உடல்கள் ஒலியை உறிஞ்சும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எங்கள் சங்கத்தில் ஒலி ஒத்திகை முடியாமல் வாசல் கதவைத் திறப்பதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தோம். அதனால் முணுமுணுத்தவர்கள் உண்டு. படம் முடிந்த பின் யாரும் முணுமுணுத்ததில்லை.

திரையரங்குகளுக்கான டிஜிட்டல் வடிவமான டிசிபி கோப்பாகப் படம் வந்தால் அதைத் திறக்கும் மின்சாவி குறிப்பிட்ட நாள், நேரத்துக்குள் மட்டும் வேலை செய்யும். கலந்துரையாடல் நீண்டு அடுத்த காட்சி தள்ளிப்போனால் படமே ஓடாமல் போகும் அபாயம் உண்டு. சாவியின் கால எல்லையைச் சற்றுத் தாராளமாகக் கேட்டு வாங்குங்கள்.

அரங்குக்கு வெளியே ஒரு சவுண்ட் சிஸ்டம் கட்டாயம் வேண்டும். 1950களின் கிங்ஸ்டனில் வானொலி தங்களுக்குப் பிடித்த இசையைத் தராதபோது, கோக்ஸ்ஸன் டாட், டியூக் ரீட் போன்றவர்கள் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தெருவிலும் முற்றங்களிலும் அடுக்கி நடனம் நடத்தினார்கள். அவர்களே பின்னர் ஒலிப்பதிவுக்கூடங்களையும் தொடங்கினார்கள். அந்த மரபு கடல் கடந்தபோது என்ன ஆயிற்று என்பதை 'பாபிலோன்' காட்டும். ஃபிராங்கோ ரோஸோ இயக்கிய அந்தப் படத்தில் அஸ்வாட் குழுவின் பிரின்ஸ்லி ஃபோர்ட், தென் லண்டனில் சவுண்ட் சிஸ்டம் நடத்தும் இளைஞனாக, வேலையிழந்து, காவலர்களிடம் அடிபட்டு, ஒலிவாங்கி முன் நிற்கிறார். 1980இல் பிரிட்டனில் அதற்கு வயது வந்தோருக்கான எக்ஸ் சான்றிதழ் கொடுத்தார்கள். யாரைப் பற்றிய படமோ அந்த வயதுப் பிள்ளைகளில் பலரால் அதைப் பார்க்க முடியவில்லை. அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அது 2019இல்தான் வந்தது. ஸ்காபரோவின் பதின்வயதினர் அந்தப் படத்தை அவசியம் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பள்ளிகளோடு பேசி ஒரு பகல் காட்சி வையுங்கள்.

ராஸ்தஃபாரி மார்க்கத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். சடைமுடி அவர்களுக்குச் சமய அடையாளம். சடைமுடி டோப்பாக்களும் மூவண்ணத் தொப்பிகளும் வாசலில் விற்க இடம் கொடுக்காதீர்கள். 1963 ஏப்ரலில், பெரிய வெள்ளியை ஒட்டி, மாண்டேகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் நடந்த மோதலுக்குப் பிறகு ராஸ்தஃபாரிகள் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கப்பட்டு அடிக்கப்பட்டார்கள். அவர்களின் சடைமுடி பலவந்தமாக வெட்டப்பட்டது. அதற்கு ஜமைக்க அரசு மன்னிப்புக் கேட்டது 2017இல். 'பேட் ஃப்ரைடே' என்ற 2011 ஆவணப்படத்தில் அதை அனுபவித்த முதியவர்களே பேசுகிறார்கள். அவர்களின் வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டு வெளியே வருகிறவர் கண்ணில் அந்த டோப்பா படக் கூடாது.

நாள் குறிப்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஜமைக்காவில் பிப்ரவரியை ரெகே மாதமாகக் கொண்டாடுகிறார்கள். உங்கள் ஊர்க் குளிரில் முற்றத்தில் யாரும் நிற்க முடியாது. ஜூலை 1 சர்வதேச ரெகே தினம். அதை ஒட்டிய வார இறுதி பொருந்தும். உங்கள் ஊரின் கரீபியத் திருவிழாவான கரிபானாவின் கூட்ட நெரிசலுக்கும் அது முந்தியது.

நீங்கள் முன்னால் நிற்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கிங்ஸ்டனில் 2008இல் ரெகே திரைப்பட விழாவைத் தொடங்கியவர் பார்பரா பிளேக் ஹன்னா. 1968இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் செய்தியாளராகத் தோன்றிய கறுப்பினப் பெண். நேயர்களின் இனவெறிப் புகார்களால் அந்த வேலை பறிபோனது. ஜமைக்காவுக்குத் திரும்பி, ராஸ்தஃபாரியாக வாழ்ந்து, செனட்டிலும் இடம்பெற்றவர். தங்களைப் பற்றிய படங்களைத் தாங்களே தொகுத்து, தங்கள் ஊரிலேயே காட்டவேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. அதை மதித்து, படத்தேர்வுக் குழுவில் உங்கள் ஜமைக்க நண்பர்கள் பெரும்பான்மையாக இருக்கட்டும். எந்தப் படம் என்பதில் கடைசிச் சொல்லும் அவர்களுடையதாகட்டும். உரிமக் கடிதங்கள், அரங்கு முன்பதிவு, வரவுசெலவு ஆகியவற்றை நீங்கள் தோளில் ஏற்றுக்கொள்ளுங்கள். 1845 முதல் இந்தியக் கூலித்தொழிலாளர்கள் ஜமைக்காவுக்குப் போனார்கள் என்பதைக் காட்டி உங்கள் பங்கை நியாயப்படுத்தும் உரைகள் எதுவும் மேடையில் தேவையில்லை. பக்கத்து வீட்டில் கேட்டு வளர்ந்தவன் என்பது போதுமான உரிமை.

தமிழ்க் குடும்பங்களை அழைக்க ஒரு காட்சிக்கேனும் தமிழ் சப்டைட்டில் போடுங்கள். 'ராக்கர்ஸ்' அதற்குத் தோதானது. உரிமையாளரின் அனுமதியோடு, ஜமைக்கப் பேச்சை நன்கு அறிந்த நண்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கவும். ஆங்கில சப்டைட்டிலை மட்டும் நம்பினால் பாதிப் பேச்சு காணாமல் போகும். வரைவை எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்.