ஐந்து நாள் போன் இல்லாத முகாம்: அனுப்பலாமா?

சகோதரி, பதினோரு வயது மகன் போன் இல்லாமல் ஏற்காடு முகாமில் ஐந்து நாள் தாக்குப்பிடிப்பானா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்புங்கள். 2014-இல் வெளியான ஒரு கலிபோர்னிய ஆய்வில், 51 ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து நாள் திரையே இல்லாத முகாமில் இருந்தார்கள். முகாமுக்குப் போகாத அதே பள்ளிப் பிள்ளைகளைவிட, பிறர் முகம் பார்த்து மனநிலை அறிவதில் இவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். சின்ன ஆய்வுதான், சரி.

என் மகள் முதல் இரண்டு நாள் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாளாம். மூன்றாம் நாள் பல்லாங்குழி. வீட்டுக்கு வந்ததும் அஞ்சறைப் பெட்டியைக் குடைந்து புளியங்கொட்டை தேடினாள்!

அப்புறம், பொறுப்பாளர்களும் போனை ஒதுக்கி வைப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ஒரு எண் வாங்கிக்கொண்டால் போதும்.