பரிணாம விளையாட்டு: முந்தியவரே ஜெயிக்கிறார், என்ன செய்வது?

கேள்வி: பள்ளி அறிவியல் மன்றத்துக்காக, இயற்கைத் தேர்வை வைத்து நான்கு பேர் ஆடும் கார்டு விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆளுக்கு நான்கு விலங்கு. சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு விலங்குக்கும் பகடை உருட்ட வேண்டும். தப்பித்தது ஒரு குட்டி போடும். சேரும் புள்ளியைக் கொடுத்து வேகம், கூர்ப்பல், தடித்த தோல் என்று வாங்கிக்கொள்ளலாம். இரண்டு சிக்கல். இரண்டாம் சுற்றில் முந்துகிறவரே கடைசியில் ஜெயிக்கிறார்; மற்றவர்கள் பாதியிலேயே கொட்டாவி விடுகிறார்கள். அப்புறம், எங்கள் உயிரியல் ஆசிரியை, "இது பரிணாமம் இல்லை, கடைக்குப் போய்ப் பை நிரப்புவது" என்கிறார். எப்படிச் சரிசெய்வது?

பதில்: ஆசிரியை சொல்வது சரிதான். ஆனால் முதல் சிக்கலை முதலில் எடுப்போம். அதைத் தீர்க்கிற வழியிலேயே இரண்டாவதும் பாதி தீர்ந்துவிடும்.

உங்கள் விதியைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒருவருடைய விலங்கு 4, 5, 6 விழுந்தால் பிழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். நான்கில் இரண்டு பிழைத்து, ஆளுக்கொரு குட்டி போட்டு, மறுபடி நான்கு. எத்தனை சுற்று போனாலும் சராசரி நான்குதான். இன்னொருவர் ஒரு வேகக் கார்டு வாங்கிவிட்டார். அவருடையது 3 விழுந்தாலும் பிழைக்கும். வித்தியாசம் பகடையின் ஒரே ஒரு முகம். ஆனால் அவருடைய கூட்டம் சுற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு பெருகுகிறது. ஐந்து சுற்றில் நான்கு, ஏறத்தாழ 17 ஆகிவிடும். கூட்டம் பெருகினால் புள்ளி பெருகும், புள்ளி பெருகினால் இன்னொரு கார்டு. பல்லாங்குழியில் காய் குறைந்தவர் அடுத்த ஆட்டத்தில் நிரப்ப முடிந்த குழிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆடுவாரே, அதே நிலைமைதான் உங்கள் மேசையிலும்.

வழக்கமாக இதற்குச் சொல்லும் வைத்தியம், பின்தங்கியவருக்கு இலவசமாக ஒரு கார்டு கொடுப்பது. எனக்கு அது பிடிக்காது. முந்துவதற்குத் தண்டனை என்று ஆட்டக்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நன்றாக ஆடியும் பயனில்லை என்று தோன்றிவிடும். இயற்கையிலேயே பிரேக் இருக்கும்போது செயற்கையாக ஒன்று எதற்கு? எந்த உயிரினமும் பெருகிக்கொண்டே போய் உலகை நிரப்பிவிடவில்லை. இரையும் இடமும் அளவோடு இருக்கின்றன, ஒரே இரையைத் தின்கிறவை தங்களுக்குள்ளேயே முட்டிக்கொள்கின்றன. உங்கள் விளையாட்டில் பிறப்பு இருக்கிறது, பசி இல்லை.

பசியை எப்படி வைப்பது என்பதற்கு பசிபிக் கடலில் உள்ள காலபாகஸ் தீவுகளில் ஒன்றான டாஃப்னி மேஜரைப் பாருங்கள். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி 1973 முதல் பல பத்தாண்டுகள் அங்கே ஃபின்ச் குருவிகளைப் பிடித்து, கால்வளையம் போட்டு, அலகை அளந்து வந்தார்கள். 1977-ல் கடும் வறட்சி. சின்ன விதைகளைக் குருவிகள் தின்று தீர்த்துவிட்டன. எஞ்சியவை பெரிய, கெட்டியான விதைகள். அங்கிருந்த ஃபின்ச் இனங்களில் ஒன்றான நடுத்தரத் தரைக் குருவிகளில் சுமார் 85 சதவீதம் அழிந்தன. பிழைத்தவற்றின் அலகு சராசரியாகப் பருத்திருந்தது, அவற்றின் குஞ்சுகளுக்கும் அப்படியே வந்தது. 1982-83-ல் எல் நினோ மழை கொட்டித் தீர்த்தது. சின்ன விதைகள் மண்டின. அடுத்த சில ஆண்டுகளில் சின்ன அலகுக்கு யோகம்.

இதைவிடச் சுவையானது பின்னால் நடந்தது. 2004-ல் மறுபடி வறட்சி. 1977 போலவே பெரிய அலகுகள்தான் பிழைக்கும் என்று யாரும் சொல்லியிருப்பார்கள். நேர்மாறாக, சின்ன அலகுகள் பிழைத்தன. காரணம், 1982-ல் வந்து குடியேறிய வேறொரு குருவியினம். அது உடம்பிலும் அலகிலும் பெரியது. பெரிய அலகுகள் நம்பியிருந்த விதை நம் ஊர் நெருஞ்சிக்கு உறவுச் செடியொன்றினுடையது. அந்த முள்விதைகளை வந்தவர்கள் தின்று தீர்த்துவிட்டார்கள். அதே தீவு, அதே பஞ்சம், பக்கத்தில் யார் என்பது மட்டும் வேறு. உங்கள் விளையாட்டு பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஒரே வானிலைக் கார்டு, மேசையில் யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வேறு வேறு முடிவைத் தர வேண்டும்.

விதியாக எழுதினால் இப்படி வரும். விலங்கை விடுங்கள், குருவி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆறு குருவி. ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்டி அலகின் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு தட்டு, அதில் 7 பச்சைப்பயறு, 5 கொண்டைக்கடலை, 4 புளியங்கொட்டை. (குன்றிமணி பார்க்க அழகுதான், ஆனால் நச்சு விதை, பிள்ளைகள் கையில் வேண்டாம்.) அலகு 1, 2 என்றால் பயறு. 3, 4 என்றால் கடலை. 5, 6 என்றால் புளியங்கொட்டை. ஒரு படி கீழே உள்ள விதையையும் தின்னலாம், ஆனால் இரண்டு வேண்டும். பெரிய உடம்புக்குத் தீனி அதிகம் அல்லவா? பெரிய அலகுக்கு விலை இதுதான். தனியாகப் புள்ளி கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

குருவி குறைவாக வைத்திருப்பவர் தொடங்கட்டும். முறைக்கு ஒரு விதை, சுற்றிச் சுற்றி. தீனி கிடைக்காத குருவி செத்தது. இப்போது முன்னணி ஆளின் கதையைப் பாருங்கள். கையில் பத்துக் குருவி, எல்லாம் 3-ம் 4-ம். தட்டில் 16 விதை, எடுப்பவர்கள் நான்கு பேர். எல்லோரும் கடைசிவரை எடுத்தால் ஆளுக்கு நாலு விதைதான், பத்துக் குருவி இருந்தும் அதிகம் போனால் நாலு பிழைக்கும். அதுவும் பக்கத்தில் ஒருவர் கடலையில் கை வைத்துவிட்டால் பயறை இரண்டிரண்டாக எடுக்க வேண்டும், மூன்று பிழைத்தால் பெரிது. யாரும் அவரைத் தண்டிக்கவில்லை. அவர் கூட்டமே அவரை நெருக்குகிறது. பிரேக் ரொம்பவும் பிடிக்கிறது என்று தோன்றினால், எட்டுக்கு மேல் குருவி வைத்திருப்பவர் முறைக்கு இரண்டு எடுக்கலாம் என்று தளர்த்துங்கள். பிழைத்த குருவிக்கு ஒரு புள்ளி, சுற்றுக்குச் சுற்று கூட்டிக்கொண்டே வாருங்கள். கடைசிச் சுற்றில் இருக்கும் கூட்டத்தை மட்டும் எண்ணினால் முன்சுற்றுகளுக்கு மதிப்பே இருக்காது.

ஆறு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நான்கே குருவி என்றால், தொடக்கத்தில் பெரிய அலகு ஒன்றுகூட இல்லாமல் போக ஏறத்தாழ 20 சதவீதம் வாய்ப்பு. ஆறு என்றால் அது 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சின்னக் கூட்டத்தில் தகுதியைவிட அதிர்ஷ்டம் பேசும். இதுவும் உயிரியல்தான், மரபணு நகர்வு என்பார்கள். ஆனால் ஒரு மணி நேர ஆட்டத்தில் அது அதிகமானால் சலிப்பு.

இனி ஆசிரியையின் புகார். விலங்கு தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்கிறது என்பதுதான் தவறான பாடம். பிழைத்த குருவி ஒரு குஞ்சு பொரிக்கட்டும். குஞ்சுக்குப் பகடை உருட்டுங்கள். 2 முதல் 5 வரை விழுந்தால் தாயின் அலகு அப்படியே. 1 என்றால் ஒரு எண் குறைவு, 6 என்றால் ஒன்று கூடுதல். மாற்றம் யாருடைய தேவையையும் கேட்டு வருவதில்லை.

அப்படியானால் ஆட்டக்காரருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அவர் கையில் இருக்க வேண்டியது குருவி அல்ல, வானம். ஆளுக்கு மூன்று வானிலைக் கார்டு கொடுங்கள்: "பயறு இரண்டு குறையும்", "புளியங்கொட்டை ஒன்று கூடும்" என்கிற மாதிரி. ஒவ்வொருவரும் ஒன்றைக் கவிழ்த்து வைக்க, நான்கையும் கூட்டித் தட்டை நிரப்ப வேண்டும். 2014-ல் வெளியான எவல்யூஷன் என்ற விளையாட்டிலும் எல்லோரும் கவிழ்த்து வைக்கும் கார்டுகளைக் கொண்டுதான் அந்தச் சுற்றின் தாவர உணவு முடிவாகிறது. அதில் எனக்குப் பிடித்த பகுதியே அதுதான். (குணங்களைக் கையிலிருந்து தேர்ந்தெடுத்துப் போடும் முறை அங்கேயும் உண்டு. விளையாட்டாகக் குறையில்லை, வகுப்பில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.)

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முதலில் வானிலைக் கார்டைக் கவிழ்க்க வேண்டும், பிறகு குஞ்சுகளுக்குப் பகடை, பிறகுதான் கார்டைத் திறப்பது, கடைசியில் தீனி. பகடையைப் பார்த்துவிட்டு வானிலை போட்டால் மறுபடியும் கடைதான். எந்தக் குருவிக்கு விதை என்று ஆட்டக்காரர் தேர்ந்தெடுப்பதும் ஒருவகையில் செயற்கைத் தேர்வுதானே என்று ஆசிரியை கேட்கலாம். ஆமாம். டார்வின்கூட 1859-ல் வெளியிட்ட நூலைப் புறா வளர்ப்பவர்களிலிருந்துதான் தொடங்கினார். அதையும் எடுத்துவிட்டால் விளையாட ஒன்றும் மிஞ்சாது, விட்டுவிடுங்கள்.

ஒருவர் குருவி முழுக்க அழிந்துபோனால் வெளியே உட்கார வைக்க வேண்டாம். அடுத்த சுற்றில் இரண்டு குருவியோடு வேறு தீவிலிருந்து வந்ததாக வைத்துக்கொள்ளட்டும், அலகு பகடைப்படி. பழைய புள்ளிகள் அவருக்கே.

சண்டை வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், கலிபோர்னியாவில் ஒரு பல்லி இனம் இருக்கிறது. ஆண்களின் தொண்டை மூன்று நிறம். ஆரஞ்சு நீலத்தை அடித்து விரட்டும். தன் இணையைக் காவல் காக்கும் நீலம் மஞ்சளை நுழைய விடாது. பெரிய எல்லையை வைத்துக்கொண்டு திண்டாடும் ஆரஞ்சின் இடத்தில் மஞ்சள் நைசாகப் புகுந்துவிடும். சினெர்வோ, லைவ்லி என்ற ஆய்வாளர்கள் 1996-ல் இதை வெளியிட்டார்கள். எது பெருகுகிறதோ அதை மடக்குகிற நிறத்துக்கு யோகம் வந்துவிடும், ஆகவே எந்த நிறமும் நிலைத்து முந்த முடியாது. அடிப்படை விதி சரியாக ஓடிய பிறகு சேருங்கள், அதற்கு முன் வேண்டாம்.

சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு வழி. நான்கு நாற்காலியில் ஒன்றில் "சோம்பேறி"யை உட்கார வையுங்கள்: வானிலைக் கார்டையும் விதையையும் அவர் யோசிக்காமல் பகடை போட்டே முடிவு செய்ய வேண்டும். நாற்காலி மாற்றி மாற்றிப் பல ஆட்டம் ஆடி, யார் ஜெயித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். சோம்பேறியும் நாலில் ஒரு ஆட்டம் ஜெயிக்கிறார் என்றால் உங்கள் விளையாட்டில் யோசிக்க இன்னும் எதுவும் இல்லை. கையில் இருக்கும் வானிலைக் கார்டை மூன்றிலிருந்து நான்காக்குங்கள், அல்லது கார்டில் உள்ள எண்களைக் கொஞ்சம் கூட்டிவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள்.